இடது பக்கத்து ஸ்விட்ச்

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. நான் கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை என்பது மட்டும் நிச்சயம். என் வீட்டுக்காரருக்கு அங்கே மோட்டார் ரிப்பேர் ஷெட். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான் மறைப்பு. அவர் ஸ்பேனரைக் கீழே போட்டால் என் அடுப்படியில் மூடி தட்டு ஆடும்.

என் அப்பா மில்லில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை பார்த்தவர். வீட்டுக்கும் வேலை கொண்டுவருவார். மற்ற பெண்கள் பூத்தொடுக்கக் கற்ற வயதில் நான் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் ஒயரிங் என்றால் எனக்குப் பயம் கிடையாது. என் வீட்டுக்காரர் என்ஜினில் புலி. ஆனால் ஒயரைக் கண்டால் ஒதுங்கிவிடுவார். "இன்னாடி, இத்த கொஞ்சம் வந்து பாரேன்" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். வாடிக்கைக்காரர் யாராவது நின்றால் அந்தக் குரல் வராது, அவர் போகிறவரை காத்திருக்கும். நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுவேன். புருஷன் மானம் முக்கியமில்லையா?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று கூப்பிடும். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவர் ஒரு பழைய பிரெஞ்சு காரை வாங்கியிருந்தார். கறுப்பு வண்டி, நல்ல தாழ்வு. மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் போட்ட விமானத் தளத்தில் கார் பந்தயம் நடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து முசேவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சண்டையில் அடிபட்ட அவர் கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்காது. அப்படியானால் ஓட்டப்போவது யார்? என் வீட்டுக்காரர்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அவரும் போய்த்தான் இருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் முசேவைப் பாராட்ட வேண்டும். பட்டாளத்தில் அவர் இருந்த சைகோனில் ஒரு ஜீப் கவிழ்ந்து, பெட்ரோல் ஒழுகி, உள்ளே இருந்தவர்கள் வெளியே வருவதற்குள் பற்றிக்கொண்டதை நேரில் பார்த்தவர் அவர். "பெட்ரோல் தானா எரியல மதாம். நசுங்குன ஒயர்ல பொறி பறந்துச்சு. பாட்டரிய வெட்டறதுக்கு ஒரு மெயின் ஸ்விட்ச் இருந்திருந்தா அந்தப் பசங்க பொழச்சிருப்பானுங்க" என்றார். ஸ்விட்ச் வைக்காமல் வண்டி ஷெட்டை விட்டு நகராது என்று சொல்லிவிட்டார்.

பழைய இரும்புக் கடையில் மிலிட்டரி லாரியில் இருந்து கழற்றிய ஸ்விட்ச் ஒன்று கிடைத்தது. உள்ளங்கை அகலம், உள்ளே கனமான செம்புத் தகடுகள், ஒரே கைப்பிடியில் இரண்டு ஜோடி முனைகள். அந்த இரண்டாவது ஜோடிதான் எனக்குச் சந்தோஷம். பாட்டரியை மட்டும் வெட்டினால் ஓடுகிற என்ஜின் நிற்காது. டைனமோ அதுபாட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பாட்டரியின் தடிக் கேபிளை ஒரு ஜோடியிலும், என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகும் ஒயரை இன்னொரு ஜோடியிலும் கொண்டுவந்தேன். கைப்பிடியைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாக அறுந்துவிடும்.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. "நான்தான ஓட்டப் போறேன், என் கைக்கு எட்டற மாதிரி உள்ளயே வையி" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க மயங்கிக் கெடந்தா எந்தக் கை எட்டும்?" என்று கேட்டேன். முசே விழுந்து விழுந்து சிரித்தார். முன் கண்ணாடிக்குக் கீழே வெளிப்புறம், இடது பக்கம் வைப்பது என்று முடிவானது. அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். பாட்டரியும் இடது பக்கம். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. தகரத்தில் ஓட்டை போட்டு, கேபிள் உரசாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி வளையமாகச் செருகி, முனைகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். என்ஜினை ஓடவிட்டு முசே கைப்பிடியைத் திருப்பினார். பேச்சை நிறுத்திய மாதிரி வண்டி அடங்கியது. "பிராவோ மதாம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு, கோரிமேடு தாண்டி, திண்டிவனம் வழியாக அந்த வண்டியிலேயே போனோம். மறுநாள் காலை மைதானத்தில் வண்டிகளைச் சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். நேராக எங்கள் வண்டியின் வலது பக்கம் போய்க் கண்ணாடிக்குக் கீழே கையால் தடவினார். "எங்கேப்பா ஸ்விட்ச்?" என்றார். முசே அவரைச் சுற்றி அழைத்துவந்து இடது பக்கம் காட்டினார். திருப்பிப் பார்த்தார், என்ஜின் நின்றது, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஏன் முதலில் வலது பக்கம் தேடினார் என்று யோசித்தேன். அப்போதுதான் மற்ற வண்டிகளை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தனைக்கும் ஸ்டீயரிங் வலது பக்கம். அடிபட்டால் ஓடி வருகிறவர்கள் எல்லாம் டிரைவர் இருக்கிற பக்கம் என்று வலது பக்கம்தான் ஓடுவார்கள். எங்கள் ஊரில் இடது ஸ்டீயரிங் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் மூன்று பேருக்கும் கண் பழகிவிட்டிருந்தது. வேறு ஊர்க்காரர் யாராவது கூட இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்களே பாத்து செரின்னுட்டாங்க, நீ இன்னாடி இப்ப வந்து வயித்தக் கலக்கற" என்றார். முசேவுக்கு முகம் மாறியது. ஆனால் மாற்றி வைக்க நேரமில்லை, கேபிளும் இல்லை. மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் போனேன். வண்டி பாஸாகிவிட்டதே, கவலைப்படாமல் போய் உட்காருங்கள் என்றார்கள். நான் உட்காரவில்லை. வளைவுகளில் விசிலும் மணல் வாளியுமாக ஆட்கள் நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவது என்று செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தேன்.

முதல் வளைவில் கையில் பட்டை கட்டிய ஒரு இளைஞர், கூட இரண்டு சிநேகிதர்களோடு நின்றார். மெட்ராஸ்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்டீயரிங் இடது பக்கமா? அப்புறம் எப்படிங்க ஓட்டுவாரு?" என்றார்.

"கையாலதான் ஓட்டுவாரு" என்றேன். சிநேகிதர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கறுப்பு வண்டி வந்தா எந்தப் பக்கம் ஓடுவீங்க? உள்ள உக்காந்தவருக்கு எது இடதோ அந்தப் பக்கம். எங்க, கைய நீட்டிக் காட்டுங்க பாப்பம்" என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி அதட்டினேன். அவர் அசட்டுச் சிரிப்போடு இடது கையைத் தூக்கிக் காட்டினார். அடுத்த வளைவுக்கு நான் கிளம்புவதற்குள் என்ஜின்கள் உறும ஆரம்பித்தன. யாரோ ஓடிவந்து என்னைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு வளைவில்தான் சொல்ல முடிந்தது. அந்த வளைவுக்கு நேராகவே போய் நின்றுகொண்டேன்.

பந்தயம் பாதி நடந்திருக்கும். எங்கள் வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எனக்கு மூச்சு வந்து போனது. முன்னால் போன சிவப்பு வண்டி ஒன்று வளைவில் பம்பரமாகச் சுற்றியது. இவர் அதில் மோதாமல் ஒடித்தார். வண்டி பாதையை விட்டு விலகி, அடுக்கியிருந்த மணல் மூட்டையில் போய் மூக்கைக் குத்தி நின்றது. என் கண் முன்னால். நான் சொல்லிவைத்திருந்த அந்த ஒரே வளைவில்.

அவர் தலை ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தது, அசையவில்லை. நசுங்கிய என்ஜின் மூடிக்குள்ளிருந்து கறுப்புப் புகை. ரப்பர் கருகுகிற நாற்றத்தோடு பெட்ரோல் வாசனையும் வந்தது. கேபிள் எங்கோ நசுங்கித் தகரத்தில் பட்டு எரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றைத் தாண்டி ஓடினேன், புடவை தடுக்கி விழுந்தேன், எழுந்து ஓடினேன்.

அந்த இளைஞர் என்னைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஓடியது வலது பக்கம். கண்ணாடிக்குக் கீழே தடவினார், ஒன்றும் இல்லை. "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். மற்ற வண்டிகள் கடந்துபோகிற இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடவுளே, அந்த ஒரு நொடியில் நான் விதவையாகி, திரும்பி ஊருக்குப் போய், அந்த ஷெட்டைப் பூட்டிக்கூட விட்டேன். பிறகு பார்த்தேன், அந்த இளைஞர் சட்டென்று தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். என்னிடம் காட்டினாரே, அதே மாதிரி. பின்பக்கமாக வண்டியைச் சுற்றி ஓடினார். புகைக்குள் கையை விட்டுக் கைப்பிடியைத் திருப்பினார்.

புகை மெலிந்தது. சிநேகிதர்கள் மணலைக் கொட்டினார்கள். மூன்று பேருமாக என் வீட்டுக்காரரை இழுத்து வெளியே போட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்கு அடியில் பெட்ரோல் குளமாகத் தேங்கி நின்றது. இன்னும் ஒரு பொறி போதும், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "நம்ம வண்டி எத்தினியாவதா வந்துச்சு?" நெற்றியில் கொழுக்கட்டை அளவு வீக்கம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முசே காலை இழுத்துக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஓவென்று அழுதார். காரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இளைஞரின் விரல்கள் கொப்புளித்திருந்தன. "நீங்க சொல்லியும் பழக்கதோஷத்துல வலது பக்கம்தாங்க போனேன்" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை கையைப் பிடிக்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பெயரைக் கேட்பதற்குள் அடுத்த பந்தயத்துக்கு விசில் ஊத அவர் ஓடிவிட்டார்.

ஊர் திரும்பி, வண்டியின் மூக்கை நிமிர்த்தி, வலது பக்கமும் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். எந்தப் பக்கத்து ஸ்விட்சைத் திருப்பினாலும் வண்டி அடங்கும். கேபிள் நீண்டுவிட்டதால் கிளப்பும்போது மோட்டார் கொஞ்சம் முனகும். "மதாம், வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று முசே கிண்டல் செய்வார். முனகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எந்த வேலை செய்தாலும், நமக்கு எது கைக்கு வாகு என்று பார்ப்பதற்கு முன்னால், நம்மைக் காப்பாற்ற ஓடி வருகிற முன்பின் தெரியாத ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து, தலையெல்லாம் நரைத்த பிறகும், சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் "இன்னாடி, கொழம்புல உப்பே இல்ல" என்று முகத்தைச் சுளிக்கிறார். அப்படிச் சுளிக்க அவர் இருக்கிறாரே என்று, புகைக்குள் வண்டியைச் சுற்றி ஓடிய அந்தப் பெயர் தெரியாத பிள்ளையை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, எழுந்துபோய் உப்பை எடுத்து வந்து வைக்கிறேன்.