தெருவுக்கு மேலே ஓடும் ஆறு

வேலேந்திய பெருமானின் திருவடி போற்றி. இன்று தைப்பூச நன்னாள்.

நான் குடிபெயர்ந்து வாழும் ஆர்ச்வேயில் முருகனைத் தரிசித்து வெளியே வந்தபோது, நியூ ஓர்லியன்ஸிலிருந்து மகள் கைபேசியில் தன் தெருவைக் காட்டினாள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு கப்பல் மெல்ல நகர்ந்தது!

"மிசிசிப்பி, அப்பா. ஆறு மேலை, நாங்கள் கீழை. இஞ்சை வீடு வாங்கட்டோ?"

எனக்கு அச்சமும் வியப்பும் ஒன்றாய் எழுந்தன.

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். பதிகங்களில் காவிரியைப் பாடுவோம், கண்டதில்லை. "ஆறு எப்பிடி ஐயா இருக்கும்?" என்று ஒருநாள் தந்தையாரைக் கேட்டேன். வெங்காயத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், உயர்ந்த வாய்க்காலின் வரம்போரம் என்னைப் படுக்கச் சொன்னார். ஈரமண் மணத்தது. என் கண்ணுக்கு மேலே கிணற்றுநீர் வெயிலில் மின்னி ஓடியது. வெறுங்காலால் வரம்பை மிதித்து இறுக்கியபடியே, "இதுதான் மோனை ஆறு. பயப்பிடாதை, நான் நிக்கிறன்" என்றார்.

மகளிடம் கேட்டேன்: "ஆத்து வரம்பை ஆர் பாக்கினம்?"

"அதுக்கு ஆக்கள் இருக்கினம் அப்பா. வெள்ளம் எண்டால் தெருவே சேர்ந்து மண்மூட்டை அடுக்கும். பிறகு ட்ரம்பெட் ஊதி ஆடும். போன மழைக்கு நானும் அடுக்கினனான்."

அவளும் வரம்பில் நிற்பவள்தான்.

"வாங்கு பிள்ளை" என்றேன்.

இதைப் படிப்போர் எல்லோருடைய வரம்புகளிலும் அவன் திருவடி நின்று காத்தருள்க.