நான் போட்ட வளைவு

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வேப்பமரத்தடியில், ஒரு காற்றுப் பம்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு தொடங்கிய பஞ்சர் கடை. எங்கள் ஆட்களுக்கு இந்தத் தெருவில் கடை வாடகைக்குத் தரமாட்டேன் என்று சொன்னாரே ஒருவர், அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே பிற்பாடு நான் வாங்கிய இடம். அதில் எழுப்பிய மாடிக் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள்கள். அந்தத் தொழில் படுத்ததும் கடையை இழுத்து மூடு என்று ஊரே சொன்னபோது, நான் கொண்டுவந்து நிறுத்திய கியர் சைக்கிள்கள். செவிலிமேட்டில் வீடு. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம். கடைசியாக, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஏரிகளையும் குன்றுகளையும் சுற்றிக்கொண்டு வரும் சைக்கிள் பாதை. எல்லாம் என் கையால் ஆனவை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியவர்களில் பலர் இன்னும் வாடகை வீட்டில் இருந்துகொண்டுதான் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் பட்டா இருக்கிறது. அவற்றை என்னுடையதில்லை என்று எவனும் சொல்ல முடியாது. பாதைக்குப் பட்டா கிடையாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதவேண்டி வந்தது.

எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்கு ஒத்துவராது. எங்கள் ஊரில் நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயில் மதிலைச் சுற்றி வீட்டுக் கதை, சம்பந்திக் கதை எல்லாம் பேசிக்கொண்டே நடப்பார்கள். முடித்ததும் கூட்டமாகப் போய் மெதுவடையும் பொங்கலும் தின்பார்கள். நடந்தது எங்கே போயிற்று? நான் சைக்கிளை எடுத்தேன். விற்கிறவனே ஏறவில்லை என்றால் வாங்குகிறவன் எப்படி நம்புவான்?

பாதை போடுவது என்றால் போனில் விரலால் கோடு இழுப்பது என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு சாலையையும் காலால் மிதித்துப் பார்த்தவன். செவிலிமேடு பாலத்தில் பாலாற்றைத் தாண்டி, தூசி வழியாக மாமண்டூர் ஏரிக்கரை. அங்கே பாறைக் குன்றுகள் கரைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அங்கிருந்து தெற்கே பெருநகர், பிறகு உத்திரமேரூர் ஏரி. திரும்பும்போது திருமுக்கூடல் பாலத்தில் மறுபடியும் பாலாறு. பழையசீவரம் மலையடி, வாலாஜாபாத், ஊர். இதே வட்டத்தை எதிர்த்திசையிலும் சுற்றிப் பார்த்தேன். அப்படிச் சுற்றினால் களைத்துப் போன கடைசி நேரத்தில் கடல்காற்று முகத்தில் அறையும். நான் போட்ட திசையில் வந்தால் வாலாஜாபாத்திலிருந்து அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து விடும். எங்கே புளியமர நிழல், எங்கே நல்ல டீ, எந்த ஊர் நாய் துரத்தும், எந்த ஊர் நாய் குரைப்பதோடு சரி, எல்லாம் பார்த்துப் போட்டது.

எங்கள் குன்றுகளைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. ஏற்காடு ஏறினேன், கொல்லிமலை ஏறினேன் என்பார்கள். ஏறிவிட்டுப் போகட்டும். அங்கே ஏறினால் இறக்கம் உண்டு. இறக்கத்தில் சைக்கிள்தானே போகும், மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பான். எங்கள் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. குன்று சாலையை மேலே ஏற விடாது, காற்றை மட்டும் திருப்பி அனுப்பும். காலை வெயிலிலேயே பாறை சூடேறிப் பக்கவாட்டில் அடுப்பு மாதிரி அனல் அடிக்கும். மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஏற்காடு ஏறியவர் ஒருவர் பெருநகரில் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், பாவம்.

இந்தப் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. என் கடையிலிருந்து செவிலிமேட்டுக்கு நேராக ஒரு தெரு போகிறது. நெசவாளர் தெரு. காலையில் அங்கே பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து விடுவார்கள். காயும்வரை பாவை அசைக்கக் கூடாது. பால்காரர்கூட அந்த நேரத்தில் சுற்றித்தான் போவார். அதனால் நான் குளத்தை ஒட்டி வலப்பக்கம் வளைத்துப் போட்டேன்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் வந்தது. அதன் தலைவருக்கு என் கடை வாசலில் கியர் கேபிள் அறுந்தது. மாற்றிக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்து, என் பாதையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றேன். அங்கேதான் ஏமாந்தேன் என்று என் மகன் சொல்கிறான். ஏமாறவில்லை, தாராளமாக இருந்தேன். இரண்டும் வேறு. ஞாயிறுதோறும் வந்தார்கள். கார் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சைக்கிளில் போவதற்குக் காரில் வருகிற ஜனத்தை அப்போதுதான் முதலில் பார்த்தேன். கிழிந்த தோசை அளவுக்குக்கூடச் சத்தில்லாத ஏதோ ஒரு பசையைப் பாக்கெட்டில் வைத்து உறிஞ்சுவார்கள். ஏரிக்கரை வந்ததும் இறங்கிப் படம் எடுப்பார்கள். என்னையும் சில படங்களில் ஓரமாக நிற்க வைத்தார்கள்.

தலைவர் போனில் பாதையைப் பதிந்துகொண்டே வந்தார். வளைவில் நின்றார்.

“இங்க மட்டும் ஏன் அங்கிள் சுத்திப் போறோம்? நேரா ரோடு இருக்கே.”

“காலைல பாவு போட்டிருப்பாங்க தம்பி. போவ முடியாது.”

“சண்டேலகூடவா? லீவ் கிடையாதா அவங்களுக்கு?”

“தறிக்கு லீவு அமாவாசை. உன் ஆபீசு காலண்டர அவங்க வூட்டுல மாட்டுறதில்லபா.”

சிரித்தார். சிரித்தவர் நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வார நாளில் யாருக்கும் சொல்லாமல் தனியாக வந்து அந்தத் தெருவை மிதித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கடைக்கு வந்தார்.

“அங்கிள், அந்தத் தெருவுக்கு நேத்து போனேன். ஒரு ஈ காக்கா இல்ல. லாரியே போகலாம்.”

என் தலைக்கு மேல் தினசரி காலண்டர் தொங்குகிறது. முந்தின நாள் தாளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“நேத்து அமாவாசை. அமாவாசையில போய்ப் பாத்தா காலியாத்தான் இருக்கும். மத்த நாள்ல வந்து பாரு.”

“சரி அங்கிள்” என்றார். அந்தக் கூட்டம் ‘சரி அங்கிள்’ என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

பாதைக்குத் திறப்பு விழா என்றார்கள். திறக்க அது என்ன கதவா? ஞாயிறு விடியற்காலையில் என் கடைக்கு எதிரே டீக்கடைச் சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது. ஏரி, குன்று, ஆறு எல்லாம் வண்ணத்தில். ‘கண்டறிந்து வடிவமைத்தவர்கள்’ என்று மேலே அவர்கள் கூட்டத்தின் பெயர். பக்கத்தில் தலைவர் கைகட்டி நிற்கும் படம். மாமண்டூர் ஏரியை இவர்கள் கண்டறிகிற வரைக்கும் அது எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. அடியில், எறும்பு ஊர்கிற எழுத்தில், ‘உள்ளூர் உதவி: சைக்கிள் கடை, டீக்கடை’. டீக்கடைக்காரர் போட்டது டீ. நான் போட்டது பாதை. இரண்டும் ஒரே வரியில். படத்தில் என் வளைவையும் காணோம். நேர்கோடு.

“தம்பி, என் பேரு எங்க?”

“கீழ இருக்கே அங்கிள்.”

“அது கடை. பஞ்சர் ஒட்டுனவன்னு நெனச்சிக்குவாங்க.”

“எல்லாமே டீம் எஃபர்ட்தானே அங்கிள்” என்று என் தோளைத் தட்டினார். என் வயதுக்காரன் தோளைத் தட்ட இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

“வளைவு எங்க?”

அதற்குள் ரிப்பன் வெட்டிவிட்டார்கள். எல்லோரும் கிளம்பினார்கள். நான் கடைசியில் என் சைக்கிளில் போனேன். முனையில் தலைவர் நேராகப் போவதைப் பார்த்து, “வலது பக்கம் திரும்புபா, வலது பக்கம்!” என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

தெரு நிறைய அரக்குப் பாவு. அப்போதுதான் கஞ்சி தெளித்து, ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது. தலைவர் பிரேக் பிடித்தார். அவ்வளவு விலை உயர்ந்த பிரேக். முன்சக்கரம் பாவின் ஓரத்தில் போய் நுழைந்துதான் நின்றது. சில இழைகள் அறுந்தன. அறுந்த சத்தம் கேட்காது. பாவைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் சத்தம்தான் கேட்டது.

“யாருபா அது? கண்ண இன்னா காருலயே வெச்சிட்டு வந்துட்டியா? தலையில சட்டியக் கவுத்துக்கினு வந்தா தெருவு உன்னுதா?”

“சாரிமா, சாரி. இந்த ரூட் நாங்க போடலம்மா. அங்கிள்தான் போட்டாரு. அவர் லோக்கல்.” தலைவர் கை நீட்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை ஹெல்மெட்டும் என் பக்கம் திரும்பியது.

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற அந்த அம்மாவின் புருஷன், என் வயதுக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, நீயா? பக்கத்துத் தெருக்காரன், உனக்குக்கூடவா தெரியாது? பாவு மேல சைக்கிள் வுடச் சொல்லி ஊர்ப்பட்ட ஜனத்தக் கூட்டிக்கினு வந்திருக்கியே!”

“நான் போட்ட ரூட்டுல உன் தெருவே இல்லபா. என்னுது கொளத்தாண்ட வளஞ்சி போவுது. நேரா கிழிச்சது இவரு.”

“யாரு ரூட்டுன்னு வூட்டுல பேசி முடிச்சிக்கினு வந்திருக்கக் கூடாதா?” என்றார் அந்த அம்மா. “அறுந்தத முடியறதுக்கே இன்னிக்குப் பொழுது போயிடும். சண்டைய அந்தாண்ட போய்ப் போடுங்க. எச்சி தெறிக்குது பாவு மேல.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினார்கள். பெடலில் மாட்டுகிற அந்தச் செருப்பில் நடக்க வராது, அடியில் இரும்பு. டக்கு டக்கு என்று வாத்துக் கூட்டம் மாதிரி முனைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் ஏறி வலப்பக்கம் திரும்பினேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள், வளைவு வழியாக.

அடுத்த வாரமே அவர்கள் போன் படத்தில் வளைவு வந்துவிட்டது. சத்தமில்லாமல். கேட்டால் ‘அப்டேட்’ என்கிறார்கள். பலகையிலும் நேர்கோட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வளைத்திருக்கிறார்கள். ஆக, என் பாதையை எடுத்தார்கள், கெடுத்தார்கள், மறுபடி என்னிடமிருந்தே எடுத்துச் சரிசெய்துகொண்டார்கள். அடியில் ‘உள்ளூர் உதவி’ மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஸ்டிக்கர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“ஒரு போர்டுக்கா இவ்ளோ சண்டைப்பா? வுட்டுத் தள்ளு” என்கிறான் மகன். அவன் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவன் உட்கார்ந்திருக்கிற கட்டடத்தில் அவன் பெயர் எங்கேயும் எழுதியிருக்காது. பழகிவிட்டான். நான் பழக மாட்டேன்.

தலைவரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் ஆட்களில் சிலருக்குத் தமிழ் வாசிக்க வரும். நடுத்தெருவில், அத்தனை பேர் காதில் விழ, ‘அங்கிள்தான் போட்டாரு’ என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். திட்டு விழுந்த நேரத்தில் பாதை என்னுடையது என்றால், பலகையிலும் அது என்னுடையதுதான். ‘உள்ளூர் உதவி’யை அழியுங்கள். மேலே, உங்கள் படத்துக்கு மேலே, ‘பாதை போட்டவர்’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதுங்கள். பெயிண்டும் ஏணியும் என் கடையில் இருக்கின்றன. நானே ஏறி எழுதிக்கொள்ள எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்கள் கையால் எழுத வேண்டும்.