நான் வெளியே உட்கார்ந்த பெஞ்சு

முதலில் தெரிந்தது படிகளில்தான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது என் மகள் புஷ்பா மூன்று இடத்தில் உட்கார ஆரம்பித்தாள். பதினைந்து வயது. உதடு வெளுத்திருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

அவள் அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது; புஷ்பாவுக்குச் சிங்களம் வராது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சிங்களவர்களோடு வேலை செய்து பழகிய நான் இடையில் நின்று சொன்னேன். டாக்டர் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அதை மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே, எல்லாம் சரி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறையும் அப்படியே சொன்னேன். ஐந்து மாதம் போயிற்று.

டீச்சர் சொல்லித்தான் கஹவத்தை டவுனுக்குப் போனோம். அங்கே சனிக்கிழமைகளில் வளரும் பிள்ளைகளுக்கென்று தனி கிளினிக் நடந்தது. வழக்கம்போல நானும் கூடவே உள்ளே நுழைந்தேன். தாதி ஒரு முஸ்லிம் பெண்.

"அண்ணே, நீங்க வெளிய பெஞ்சில இருங்க."

"பிள்ளைக்குச் சிங்களம் வராதுங்க."

"எனக்குத் தமிழ் வரும். இன்னைக்கு அவளே பேசட்டும்."

கதவு மூடியது. அவமானமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அரைமணி நேரம் கழித்து உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்பாவிடம் சொல்லலாம் என்று புஷ்பா தலையாட்டிய பிறகுதான் தாதி என்னிடம் சொன்னார். மாதாமாதம் பத்து, பன்னிரண்டு நாள் இரத்தம் போயிருக்கிறது. அதனால் கடும் இரத்தசோகை (இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்து உடம்பு சோர்ந்து போவது). நான் 'சரி' என்று சொன்ன அத்தனை மாதமும் அப்படித்தான். செய்ததை அவரிடம் ஒத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. தவறாமல் கூட்டி வந்தால் போதும் என்றார்.

இரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை. முதல் நாளே பிளேன்டீயோடு நீட்டினேன்.

"தேத்தண்ணியோட போட்டா மருந்து உடம்புல சேராதாம்ப்பா. இருபது வருசமா ஸ்டோர்ல இருக்கீங்க, இதுகூட தெரியாதா?" என்று சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

நான்காம் மாதம் அவள் படிகளில் ஓரிடத்திலும் உட்காரவில்லை. உச்சியில் நின்று, "மெதுவா வாங்கப்பா, கிளினிக்கு ஓடிப் போயிறாது" என்றாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

என்னைப் போன்ற அப்பாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெட்கம் போகாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் முழுதாகப் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போய் கதவுக்கு வெளியே உட்காருங்கள்.

புஷ்பா இப்போது எங்கள் கலண்டரில் அந்த நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுகிறாள். முன்பு நான் கலண்டரில் பார்த்ததெல்லாம் பௌர்ணமிப் போயா லீவும் தீபாவளியும்தான். இப்போது வட்டங்களை எண்ணுகிறேன். பத்து, பன்னிரண்டுக்குப் போகாமல் ஐந்தோடு நின்றுவிட்டால், அன்றைக்கு ஸ்டோருக்குப் போகும் என் நடையே வேறு.