அடைக்கலச் சொல்

பாலைவன ஊரான தத்மூரில் ஷலாஷை யாரும் ஷலாஷ் என்று கூப்பிட்டதில்லை. மகன் பேரைச் சேர்த்து, ஹவாஸின் தகப்பன் என்ற பொருளில், 'அபூ ஹவாஸ்' என்பார்கள். அந்த மகன் இருக்கிறானா போய்விட்டானா என்பது மட்டும் பல வருஷமாக யாருக்கும் தெரியாது.

ஷலாஷ் ஒட்டகம் மேய்த்தவர். வறட்சியில் மந்தை கரைந்துபோக, மிஞ்சிய ஒற்றை ஒட்டகத்தில் சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் பழைய நகரத்தின் இடிந்த தூண்களுக்கு நடுவே நடத்திப் பிழைத்தார். பட்டாளத்திலிருந்து ஓடிவந்த ஹவாஸ், பங்காளி தஹ்ஹாமின் கூடாரக் கம்பைக் கட்டிக்கொண்டு, "நான் உன் அடைக்கலம்" என்றான். அப்படிச் சொன்னவன் கொலைகாரனே ஆனாலும் தலையைக் கொடுத்துக் காப்பது அவர்கள் குடியின் சட்டம். தஹ்ஹாமோ விடிவதற்குள் காட்டிக்கொடுத்தான். அதன்பின் குடியில் ஒருவரும் அவன் ஊற்றிய காப்பியைத் தொடவில்லை, முகத்தில் விழிக்கவில்லை; கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கோ போய்த் தொலைந்தான்.

டமாஸ்கஸிலிருந்து தொலைக்காட்சி நாடகக்காரர்கள் வந்திறங்கினார்கள். ஒருகாலத்தில் அந்த ஊரை ஆண்டு, ரோமானியர்களிடம் பிடிபட்ட ஸெனோபியா அரசியின் கதை. ரமலான் மாதம் முழுக்க ஓடும். ஊர் ஆண்களுக்கு ரோமானியச் சிப்பாய் வேஷம். ஆள் சேர்த்துக் கொடுத்தவன் அபூ ஸுஹைர், அதிகாரிகளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன்.

"அரசியப் பிடிச்சு இழுக்கப்போறது நீங்கதான் அபூ ஹவாஸ். ஒழுங்கா செஞ்சு குடுங்க, பையன் உசுரோட இருக்கானான்னு கேட்டுச் சொல்றேன்."

"சத்தியமா?"

"என் மீசை மேல சத்தியம்."

படப்பிடிப்பில், அரசி வேஷத்து நடிகை புழுதியில் விழுந்தாள். ஷலாஷ் கிட்டே போனதும் அவர் அங்கியைப் பற்றிக்கொண்டு, "நான் உன் அடைக்கலம்!" என்று கதறினாள். ஷலாஷ் ஈட்டியைத் திருப்பி, வந்துகொண்டிருந்த மற்றச் சிப்பாய்களுக்கு நேரே நீட்டினார்.

"கட்! யாருய்யா இது? ரோமாபுரிக்கே துரோகம் பண்ணிட்டாரு!" என்றார் இயக்குநர். நகரத்து ஆட்கள் சிரித்தார்கள். சிப்பாய் வேஷத்திலிருந்த அவர் குடி ஆட்கள் சிரிக்கவில்லை.

"அந்தம்மாவ வேற எதாவது சொல்லச் சொல்லுங்க உஸ்தாத். அது மட்டும் வேணாம்" என்றார் ஷலாஷ்.

"அந்தச் சொல்லுக்குத்தான்யா நாடே அழப்போவுது!"

அபூ ஸுஹைர் காதருகே வந்தான். "பையன் சேதி வேணுமா, வேண்டாமா?"

மறுமுறை ஷலாஷ் இழுத்தார். முடியைப் பிடித்தே இழுத்தார்.

அபூ ஸுஹைர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒருநாள் சந்தையில் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "கேட்டேன். பிடிபட்ட குளிர்காலத்துலயே முடிஞ்சுபோச்சாம். இனிமே யார்கிட்டயும் விசாரிக்காதீங்க" என்றான். மனைவி வத்ஹாவிடம் இதைச் சொல்ல ஷலாஷுக்கு வாய் வரவில்லை.

ரமலானில் அந்தக் காட்சி வந்தது. வத்ஹா பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அடைக்கலம்னாளே, காதுல விழலயா?"

"நாடகம் வத்ஹா."

"விழுந்துச்சா இல்லயா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் எதுக்காகய்யா இழுத்தீங்க?"

"நம்ம புள்ளைக்காக. சேதி சொல்றேன்னான்."

"சொன்னானா?"

ஷலாஷ் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் வத்ஹா தன் தலைத்துணியைப் பிய்த்தெறிந்து ஓலமிட்டாள்.

சாவு வீட்டுக்கு வராமலிருக்க அந்தக் குடியில் யாருக்கும் வழக்கமில்லை. எல்லாரும் வந்தார்கள், பாத்திஹா ஓதினார்கள், வத்ஹாவின் தம்பிகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஷலாஷ் சுற்றிவந்து ஒவ்வொருவருக்கும் கசப்புக் காப்பி ஊற்றினார். வாங்கினார்கள். ஒருவரும் உதட்டில் வைக்காமல், கோப்பைகளை அப்படியே தரையில் வைத்தார்கள்.