ராசாவின் பன்னிரண்டு சேட்டுகள்

பாரிஸ் லா சப்பலில், ரயில் பாலத்துக்குக் கிட்ட இருந்த ஜிஸ்லேனின் சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கும் வேலைக்கு றெஜினா சேர்ந்தது 2011 தையில். மன்னாரில் பிறந்தவள். கணவன் மடுத்தீனோடு புறநகர் கார்ஜில் குடியிருந்தாள். கடை வாசலுக்கு மேலே ஒரு கிரீடமும், அதன் கீழே 'அரச இல்லத்தின் சலவையாளர்' என்ற பொன்னெழுத்தும் இருந்தன. நாட்டை இழந்து பாரிசுக்கு ஓடிவந்த ஒரு ராசா ஜிஸ்லேனின் தாத்தாவுக்குக் கொடுத்த பட்டம் அது.

செவ்வாய் பின்னேரங்களில் அந்த ராசா வீட்டு வேலைக்காரர் ழான்-லூக் ஒரு பெட்டி கொண்டுவருவார். உள்ளே பன்னிரண்டு வெள்ளைச் சேட்டுகள். இரண்டாம் மாதமே ஜிஸ்லேன் அவற்றை றெஜினாவின் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

"நான் இப்ப ராசாவின்ரை சேட்டு மினுக்கிறன்," என்று வீட்டில் சொன்னாள்.

"அப்ப இனி என்ரை சேட்டைத் தொடமாட்டாய்," என்று மடுத்தீன் சிரித்தான்.

ஆனால் அந்தச் சேட்டுகளில் அழுக்கே இல்லை. கழுத்தில் கறையில்லை, வியர்வை வாடையில்லை. போன கிழமை அவள் மடித்த மடிப்பே குலையாமல் திரும்பி வந்தது. ஒருமுறை பன்னிரண்டு சேட்டின் மேல் பொத்தான்களையும் நூலால் கட்டி அனுப்பிப் பார்த்தாள். ஒரு நூலும் அறவில்லை.

"முசியே, ராசா இதுகளைப் போடுறதில்லையோ?"

ழான்-லூக் கோபிக்கவில்லை. "அவர் செத்து இருபத்து மூண்டு வருசம், மதாம். கிழமைக்குப் பன்னிரண்டு சேட்டுத் தோய்ச்சு அலுமாரியிலை அடுக்கவேணுமெண்டு உயில் எழுதினவர். அது நிண்டால் உயிலின்படி வீட்டை வித்துப்போடுவினம். நானும் தங்கச்சியும் தெருவிலைதான்."

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. நூல் கட்டுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

2013 மாசியில் ஒரு சேட்டின் நூல் அறுந்து வந்தது. கழுத்துப் பட்டியில் மண்ணிறக் கோடு. சேட்டுக் கைகள் முழங்கை வரை சுருட்டப்பட்டிருந்தன. அக்குள் துணி இன்னும் ஈரமாயிருந்தது.

ழான்-லூக்கிடம் காட்டினாள். அவர் பருத்த மனிதர். அந்தப் பட்டி அவர் கழுத்தைச் சுற்றிவராது. இடுப்பில் தொங்கிய திறப்புக் கொத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆரும் களவாய் வந்திருப்பினமோ?" என்று றெஜினா கேட்டாள்.

"அலுமாரித் திறப்பு என்ரை இடுப்பிலை கிடக்கு," என்றார் மெல்ல. "வடிவாய்த் தோயுங்கோ. முதலாளி அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

அடுத்த கிழமை இரண்டு சேட்டில் அழுக்கு. உயிர்த்த ஞாயிறு வருவதற்குள் பன்னிரண்டிலும்.

"அந்த வேலையை விட்டிடு," என்றான் மடுத்தீன். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உடுத்துக் கழட்டின உடுப்பு. அழுக்கோடை விட ஏலுமே?"

சித்திரையில் ஒரு செவ்வாய், ஒரு சேட்டின் பட்டியில் ஊசியால் குத்திய துண்டுக் கடதாசி வந்தது. மைப்பேனாவில் சரித்து எழுதிய பழைய காலத்துக் கையெழுத்து. றெஜினா எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'கழுத்தை உரசுகிறது. கஞ்சியைக் குறைக்கவும்.'

தன்னுடைய எழுத்துமில்லை, தங்கையுடையதுமில்லை என்று ழான்-லூக் சத்தியம் செய்தார். அந்தக் கிழமையே தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். அதன்பிறகு பெட்டியை ஒரு டாக்சிக்காரன் கொண்டுவந்தான். அந்த வீட்டு வாசல்படியில் இருப்பதை எடுத்துவருவதாகவும் தோய்த்ததை அங்கேயே வைப்பதாகவும் சொன்னான். வேறொன்றும் அவனுக்குத் தெரியாது.

றெஜினா கஞ்சியைப் பாதியாக்கினாள். அடுத்த செவ்வாய் பன்னிரண்டு சேட்டும் அழுக்காய் வந்தன, கடதாசி இல்லை. இன்னும் நாலு வருடம் அவள் அங்கே வேலை செய்தாள். வேறு குறை எதுவும் வரவில்லை.