புகைக்கூடத்தில் காய்ந்த ஆளி விதை

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டு வாத்துக் கறியை ஒரு வாய் வைத்த மனைவியின் அண்ணன், தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"மாப்ள, கறி நல்லாத்தான் இருக்கு. ஓடையத்தான் கொஞ்சம் கழுவிட்டுச் சமைச்சிருக்கலாம்."

வாத்துகள் நாள் முழுக்க மேயும் ஓடையின் சேற்று வாசம். மனைவி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்: "அடுத்த தீவாளிக்கும் சேத்து வாசம் அடிச்சா, அத்தன வாத்தையும் வரக்காப்பொல டவுன் யாவாரிக்கே குடுத்துரணும்."

அந்த வாத்துகளை எப்படிக் கொடுப்பது? விடியலில் நான் தகரத்தைத் தட்டினால், ரப்பர் மரங்களுக்கு இடையே கிடக்கும் பனிமூட்டம் அங்கங்கே கொஞ்சம் கெட்டியாகி, வாத்தாகி, அசைந்து அசைந்து வரும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குத் தோட்டத்து ஆட்கள்கூட இத்தனை ஒழுங்காக நின்றதில்லை. பாடசாலையில் இத்தனை வருடம் கத்தியும் எனக்கு வாய்க்காத மரியாதை அது. பிறகு ஏன் தின்கிறாய் என்று கேட்காதீர்கள். கனவு காண்கிறவனுக்கும் பசிக்கும்.

தீவனத்தில் ஆளி விதை சேர்த்தால் வாத்தின் கொழுப்பே மாறும் என்று எங்கோ படித்தேன். தெஹியோவிட்ட டவுன் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்:

"மாஸ்டருக்குக் கொலஸ்ட்ரோலா?"

"வாத்துக்கு நானா."

"வாத்துக்குக் கொலஸ்ட்ரோலா!"

வாங்கிய நாளிலிருந்து மழை. விதை ஈரம் பிடித்தது. பூஞ்சணம் வருவதற்குள், ரப்பர் சீட் காயப்போடும் பக்கத்து வீட்டுப் புகைக்கூடத்தில் பரப்பினேன். தலைக்கு மேல் தேன் நிறத்தில் ரப்பர் சீட்டுகள் தொங்கின. கீழே நீலப் புகை. காவலுக்கு உட்கார்ந்தவன் தூங்கிப்போனேன். மழை கூரையில் பெய்ததா, எனக்குள் பெய்ததா என்று தெரியாத தூக்கம். விழித்தபோது விதை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அதை இடித்து, தவிட்டோடு பிசைந்து, வாத்துகளை ஓடையில் இறங்கவிடாமல் வாரக்கணக்கில் ஊட்டினேன்.

தீபாவளி வந்தது. மச்சான் வந்தார். ஓய்வு பெறும்வரை தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். கண் திறக்கவில்லை. என் பெரட்டு மொத்தமும் அந்த இமைக்குப் பின்னால் நின்றது.

"சேறு இல்ல மாப்ள."

மூச்சு விட்டேன்.

"ஆனா என்னமோ வேலைக்கு வந்த மாதிரியே இருக்கு. ரப்பர் சீட்டு வாசம்!"

எத்தனையோ புத்தகம் படித்தவனுக்கு, புகை விதையிலும் ஏறும் என்று தோன்றவில்லை. மனைவி ஒரு துண்டு தின்றாள். முகம் சுளித்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு வாசலில் எதையோ எதிர்பார்த்துக் கழுத்து நீட்டி நின்ற வாத்துகளைப் பார்த்தாள்.

"சேத்து வாசம் அடிச்சாத்தானே குடுக்கணும்னு சொன்னேன். சேறுதான் போயிருச்சே."

"கெட்டிக்காரி," என்றார் மச்சான், இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு.

"ஏங்க, அடுத்த தடவ விதைய என் அடுப்புக்கு மேல காயப்போடுங்க. நீங்க ஒண்ணும் காவலுக்கு உக்கார வேணாம்."

மறுநாள் விடியலில் நான் எழுவதற்குள் தகரச் சத்தம் கேட்டது. சன்னலில் பார்த்தேன். பனிக்குள் அவள் நின்றிருந்தாள். வாத்துகள் பெரட்டுக்கு வந்துகொண்டிருந்தன.