கண்படாத வீடு

எங்கள் தொழிலுக்கு ஒரு விதி இருக்கிறது. கட்டிடக் கலைஞர் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது; செய்த வேலைதான் பேச வேண்டும். கல்லூரியில் இதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், இந்த ஊரில் வேலை பேசாது, பிளக்ஸ்தான் பேசும் என்று விளங்கியது. ‘பிளான் இலவசம், 3டி இலவசம்’ என்று எதிர்ச் சுவரில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். தினமும் ஜன்னலைத் திறந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

கீரமங்கலம் பக்கம் நான் வரைந்த ஒரு வீடு முடியும் தறுவாயில் இருந்தது. அதைப் பார்த்து இன்னொருவர் வந்தால் அறையை வைத்துக்கொள்ளலாம். தை பிறக்கும்வரை யாரும் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய், யாரோ ஒருவருடைய அடுக்குமாடிக்குக் கழிவறைகள் வரைந்து காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்காரருக்குக் குவைத்தில் கட்டுமான வேலை. போனில்தான் பழக்கம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “லீவுல வந்தா நான் தரையிலதான் படுப்பேன். ஏசி வேணாங்க, அங்க அதுலயே கெடந்து அலுத்துப் போச்சு. காத்து வரணும், அவ்வளவுதான்.” அதற்காகவே பின்னாலிருந்த தென்னந்தோப்பைப் பார்த்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அகலமாக ஒரு ஜன்னல் வைத்தேன். மேஸ்திரி சிரித்தார். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கொத்தனார்கள் அத்தனை பேரும் அந்த அறையில்தான் போய் விழுந்தார்கள். அவர்களை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

படம் எடுக்கத்தான் வழியில்லை. வீட்டுக்காரரின் மனைவி விடவில்லை. அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து வீட்டின் முன்னால் பச்சை வலை, அதன் மேல் பூசணிக்காய், வைக்கோல் பொம்மை. “கண்ணு பட்டுரும் இன்ஜினியரம்மா” என்பார். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. யாராவது பார்க்க மாட்டார்களா என்பது என் கவலை.

கேட்காமல் எடுத்து இணையத்தில் போட்டிருக்கலாம். திருச்சியில் இதே தொழிலில் இருக்கும் என் தோழி அப்படித்தான் செய்வாள். எனக்கு மனம் வரவில்லை, வீடு அவர்களுடையது. குடிபோன பிறகு மறுபடி கேட்டேன். குவைத்திலிருந்து கணவர் எடுத்துச் சொன்னதால், பெயரும் ஊரும் போடக் கூடாது என்ற கண்டிப்போடு அந்த அம்மா அரைமனதாகத் தலையாட்டினார். என் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு படம் போட்டேன். தாழ்ந்த ஜன்னல், தரையில் சாய்ந்து விழுந்த சாயங்கால வெளிச்சம், வெளியே தென்னைகள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாளே போன் வந்தது. இலுப்பூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். தனக்கும் மனைவிக்கும் இப்படித்தான் வேண்டும் என்றார். அந்த வீட்டுக்குள் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டால் போதும், உடனே அட்வான்ஸ் தந்துவிடுவதாகச் சொன்னார். கீரமங்கலத்து அம்மாவிடம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொன்னார். அன்றைக்குப் பிளக்ஸ்காரரின் சிரிப்புகூட எனக்கு உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவே கூப்பிட்டார். கணவர் குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம், பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். அந்த அம்மா அழவில்லை. “ஒங்களக் குத்தம் சொல்லல. அந்தப் படத்த எடுத்துருங்க. ஒங்க போன்லயும் இருக்கக் கூடாது” என்றார்.

படத்துக்கும் சாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் புருஷன் பிழைப்பாரா என்று தெரியாமல் நிற்கிற பெண்ணிடம் போய் நியாயம் பேச நான் யார்? சரி என்று வாக்குக் கொடுத்து அப்போதே அழித்தேன். இணையப் பக்கத்தில், போனில், கம்ப்யூட்டரில், எடுத்து வைத்திருந்த மற்றப் படங்களையும் சேர்த்து. தோழி போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்றாள். உண்மைதான்.

வீட்டைக் காட்ட முடியாது என்றதும் இலுப்பூர் வாத்தியார் மரியாதையாகத்தான் பேசினார். கண்ணால் பார்க்காத ஒன்றை நம்பி எப்படிப் பணத்தைப் போடுவது என்றார். அவரைச் சொல்லி என்ன? பிறகு எதிர்ச் சுவர்க்காரரிடமே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போகட்டும். அதற்குப் பின் யாரும் வரவில்லை. மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

கீரமங்கலத்துக்காரரை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்றார்கள். ஊரை விடுவதற்கு முன் பார்த்துவிட்டு வரலாம் என்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். பச்சை வலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாங்க என்றார், முகத்தைப் பார்க்காமல். டீ போட உள்ளே போய்விட்டார்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் இருட்டு. ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் வெளிறாமல் ஈரமாகத் தெரிந்தது. அதன் வழியாகத்தான் கண் உள்ளே வந்தது என்று குறி சொல்கிற யாரோ வந்து பார்த்துச் சொல்லிவிட்டாராம். தரையில் மெத்தை போட்டு அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் டேபிள் ஃபேன் அடைபட்ட காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டு இரைந்தது.

“காத்து பிச்சுக்கிட்டு வந்துச்சாமே” என்றார், அடுப்படிக்குக் கேட்காதபடி. “கொத்தனாருக சொன்னாக. நான் வந்து படுக்கிறதுக்குள்ள அடைச்சுட்டாக.”

திறக்கச் சொல்லலாமே அண்ணே என்றேன். அவள் பயந்துபோய்க் கிடக்கிறாள், விடுங்க என்றார். பிறகு கேட்டார்.

“அந்தப் போட்டோ ஒங்ககிட்ட இருக்கும்ல? ஒருக்காக் காட்டுங்களேன்.”

“அழிச்சுட்டேன்ணே.”

“எல்லாத்துலயுமா?”

எல்லாவற்றிலும்தான் என்றேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றியதற்காக என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அடைத்துப் பூசியிருந்த சுவரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் கட்டியிருந்தீங்க இன்ஜினியரம்மா” என்றார்.

ஒரு வீட்டுக்காரர் வாயால் என் வேலைக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அந்த ஃபேன் இரைச்சலில் அது அடுப்படிவரைகூடக் கேட்டிருக்காது.